கல்லூரி நாடகத்துக்கு மியூசிக் போடுவது எப்படி: முதல் தடவை செய்பவர்களுக்கு

கல்லூரி நாடகத்தில் நடிக்க ஆள் கிடைத்துவிடும், எழுதவும் இயக்கவும்கூட யாராவது முன்வருவார்கள். மியூசிக் மட்டும் பெரும்பாலும் நிகழ்ச்சிக்கு ஒரு வாரம் இருக்கும்போது, "உன்கிட்டதான் லேப்டாப் இருக்கே, நீ பார்த்துக்கோ" என்று யார் தலையிலாவது கட்டப்படும். அப்படிப் பொறுப்பு வந்து சேர்ந்தவர்களுக்காகவும், தானாக ஆசைப்பட்டு வருகிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். சங்கீதம் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. ஒரே காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்க்கிற பொறுமை வேண்டும், அது இருந்தால் மற்றதைக் கற்றுக்கொள்ளலாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கீழே வருகிற எல்லாமே இதை ஒட்டித்தான்: நாடகம் நடக்கும்போது உங்கள் கண் நடிகர் மேல் இருக்க வேண்டும், லேப்டாப் திரை மேல் இருக்கக் கூடாது. தெருக்கூத்தில் ஆர்மோனியம், மிருதங்கம், முகவீணை, தாளம் வாசிக்கிறவர்கள் ஆடுகிறவருக்குப் பின்னால் களத்திலேயே உட்கார்ந்திருப்பார்கள். இசை நாடகத்தில் ஆர்மோனியக்காரர் மேடை ஓரத்தில், நடிகரின் முகம் தெரிகிற இடத்தில் இருப்பார். நடிகர் ஒரு வரியை இழுத்தால் அவரும் இழுப்பார், நடிகர் மூச்சு வாங்கினால் அவர் விரல் காத்திருக்கும். பதிவுசெய்த இசைக்கு அந்தக் காத்திருப்பு தெரியாது, அதை நீங்கள்தான் செய்ய வேண்டும். பாட்டைத் தேர்ந்தெடுப்பது, வெட்டுவது, பெயர் வைப்பது, கேபிள் மாட்டுவது என்று முன்னதாகச் செய்கிற எல்லா வேலையும், அந்த நேரத்தில் நீங்கள் தலை நிமிர்ந்து மேடையைப் பார்க்க முடிய வேண்டும் என்பதற்காகத்தான்.

முதலில் ஸ்கிரிப்ட், பாட்டு அப்புறம்

பொறுப்பு கிடைத்தவுடன் எல்லோரும் செய்வது யூடியூபைத் திறந்து "சோக பிஜிஎம்" என்று தேடுவது. அதைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். ஸ்கிரிப்டை ஒருபக்கம் மட்டும் அச்சிட்டு வாங்கி, பென்சிலோடு ஒருமுறை முழுசாகப் படியுங்கள், அப்புறம் இயக்குநரோடு உட்கார்ந்து இன்னொரு முறை. இசை தேவை என்று தோன்றுகிற இடத்தில் மூன்று விஷயம் குறியுங்கள்: எந்தச் சொல்லில் அல்லது எந்தச் செயலில் தொடங்க வேண்டும், எதில் நிற்க வேண்டும், எதற்காக அங்கே இசை. மூன்றாவதுதான் முக்கியம். காட்சி மாறும்போது மேசை நாற்காலி நகர்த்துகிற சத்தத்தை மறைக்கவா, விடியற்காலை என்று சொல்லவா, அவள் மனசு மாறிவிட்டதைக் காட்டவா? காரணத்தை ஒரு வரியில் எழுத முடியவில்லை என்றால் அந்த இடத்தில் இசை வேண்டாம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மாணவர் நாடகங்களில் இசை குறைந்துபோய்க் கெட்டதைவிட, அதிகமாகிக் கெட்டதுதான் அதிகம். அழுகை வந்தால் வயலின், வில்லன் வந்தால் டமால் என்று ஒவ்வொரு வரிக்கும் போட்டால் நடிகர் செய்வதற்கு ஒன்றும் மிச்சம் இருக்காது. அரை மணி நேர நாடகத்துக்குப் பத்துப் பன்னிரண்டு இடம் தாராளம் என்பது என் எண்ணம். ஒரு நல்ல நடிகை கடிதத்தைப் படித்துவிட்டு அமைதியாக நிற்கும்போது அரங்கில் மின்விசிறி ஓடுவது மட்டும் கேட்கும், அந்த நேரத்தில் எந்த ராகமும் அவளுக்கு உதவி செய்யாது. இயக்குநர் "இங்கே ஏதாவது போடேன், காலியா இருக்கு" என்று சொன்னால், முதலில் இசை இல்லாமல் ஒருமுறை நடிக்கச் சொல்லிப் பார்க்கலாமா என்று கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு.

படித்து முடித்ததும் ஒத்திகைக்குப் போங்கள். சும்மா உட்கார்ந்து போனில் ஸ்டாப்வாட்ச் வைத்துக் காட்சிகளின் நேரத்தைக் குறியுங்கள். ஒரே காட்சி ஒருநாள் நான்கு நிமிடம் ஓடும், இன்னொரு நாள் ஐந்தரை நிமிடம். இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ளாமல் சரியாக நான்கு நிமிடத்துக்கு வெட்டிய இசை மேடையில் நட்டாற்றில் விட்டுவிடும்.

எதை எடுப்பது, எதை விடுவது

பிரபலமான சினிமா இசையை விட்டுவிடுங்கள். அது நல்ல இசை இல்லை என்பதற்காகச் சொல்லவில்லை. அதன் முதல் இரண்டு சுரம் கேட்டதும் பார்வையாளர்கள் அந்தப் படத்துக்குப் போய்விடுவார்கள், அந்த நடிகரின் முகம்தான் அவர்களுக்குத் தெரியும், உங்கள் மேடையில் நிற்கிற பையன் தெரிய மாட்டான். கல்லூரி அரங்கு என்றால் விசிலும் கூடவே வரும், அடுத்த இரண்டு வசனம் யாருக்கும் கேட்காது.

வசனத்துக்கு அடியில் ஓடப்போகிற இசையில் பாடுகிற குரல் இருக்கக் கூடாது. காது ஒரே நேரத்தில் இரண்டு பேரின் சொற்களைப் பின்தொடராது, பாட்டுக்காரர் பயிற்சி பெற்றவர், மைக்குக்குப் பக்கத்தில் நின்று பாடியவர், அவர்தான் ஜெயிப்பார். குரல் இல்லாத வாத்தியத்திலும் கவனம் வேண்டும். பேச்சு தெளிவாகக் கேட்பதற்குக் காரணமான மெய்யெழுத்து ஓசைகள் ஏறக்குறைய 1,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில்தான் அதிகம் இருக்கின்றன, வயலினும் புல்லாங்குழலும் மேலே ஏறி இழைந்து வாசிக்கும்போது அதே பகுதியைப் பிடித்துக்கொள்ளும். வசனம் ஓடும் இடத்தில் தம்புராவின் சுருதி, இடைவெளி விட்டு விழுகிற வீணை மீட்டு, தாழ்ந்த செல்லோ, உடுக்கையின் ஒற்றை அடி இவையெல்லாம் நன்றாக உட்காரும். வயலினை வசனம் இல்லாத இடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், அங்கே அதற்கு முழு இடமும் கிடைக்கும்.

நம் ஊர் வாத்தியங்களை எடுக்கும்போது அவற்றுக்கு ஏற்கெனவே இருக்கிற அர்த்தத்தையும் சேர்த்தே எடுக்கிறீர்கள். நாதஸ்வரம் கேட்டால் கல்யாணம் அல்லது கோயில். பறையைச் சாவுக் காட்சிக்கு மட்டும் போடுகிற பழக்கத்தை நீங்களாவது விடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். விழாவுக்கும் ஆட்டத்துக்கும் போராட்டத்துக்கும் ஒலிக்கிற வாத்தியம் அது, அதை வாசிக்கிறவர்களை ஒரே மூலையில் தள்ளுகிற வேலையை நம் நாடகமும் செய்ய வேண்டாம். கல்லூரியிலேயே பறை வாசிக்கிற மாணவர்கள் இருந்தால் பதிவைத் தேடாமல் அவர்களையே கூப்பிடுங்கள்.

கதை நடக்கிற காலத்தையும் பாருங்கள். அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938-இலும் திருச்சி நிலையம் 1939-இலும்தான் தொடங்கின, 1930-இல் நடக்கிற கிராமத்துக் கதையில் திண்ணையில் ரேடியோ பாடினால் விஷயம் தெரிந்த பார்வையாளர் அங்கேயே கழன்றுவிடுவார். விவித பாரதி 1957-இல் வந்தது. கேசட் டேப் நம் வீடுகளில் பரவலானது 1980-களில். இதை இயக்குநர் கவனிக்காமல் விட்டிருக்கலாம், ஒலி உங்கள் பொறுப்பு என்பதால் நீங்கள் கவனிக்க வேண்டும்.

சத்தங்களை முடிந்தவரை நீங்களே பதிவுசெய்யுங்கள். இணையத்தில் கிடைக்கிற "தெரு சத்தம்" பெரும்பாலும் வெளிநாட்டுத் தெரு, அதில் நம் பேருந்து ஹார்ன் இருக்காது, காக்கா இருக்காது, குக்கர் விசில் இருக்காது. போனை ஏரோப்பிளேன் மோடில் போட்டு, காற்று நேராக மைக்கில் படாமல் உடம்பால் மறைத்து, பேசாமல் இரண்டு நிமிடம் பிடித்தால் போதும். மழை மட்டும் தந்திரமானது. உண்மையான மழையைப் பதிந்து ஸ்பீக்கரில் விட்டால் எண்ணெயில் ஏதோ பொரிகிற சத்தம் போலத்தான் கேட்கும். தகரக் கூரையிலோ பிளாஸ்டிக் வாளியிலோ சொட்டுகிற சத்தத்தைத் தனியாகப் பிடித்து அதோடு கலந்தால் காதுக்கு மழை என்று புரியும்.

கதவு தட்டுவது, பாத்திரம் விழுவது மாதிரி சத்தங்களைப் பதிவாகப் போடவே வேண்டாம். சைடு விங்கில், அதாவது மேடையின் பக்கவாட்டு மறைவில், ஒரு பழைய பலகையை வைத்துக் கையால் தட்டுங்கள். நேரமும் சரியாக இருக்கும், சத்தம் வரவேண்டிய பக்கத்திலிருந்தே வரும்.

உரிமை பற்றிக் கொஞ்சம்

இந்தியாவின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 52-ஆவது பிரிவு கல்வி நிறுவனங்களுக்கு ஒரு விலக்கு தருகிறது. கல்லூரி நடவடிக்கையின் பகுதியாக, ஆசிரியர்கள், மாணவர்கள், மாணவர்களின் பெற்றோர், நிறுவனத்தின் செயல்பாடுகளோடு நேரடித் தொடர்புள்ளவர்கள் ஆகியோர் மட்டுமே பார்வையாளர்களாக இருக்கும்போது ஒலிப்பதிவை ஒலிக்கவிடுவது உரிமை மீறலாகாது. கவனியுங்கள், அந்த "மட்டுமே" முக்கியம். டிக்கெட் போட்டு வெளி அரங்கில் ஊருக்கெல்லாம் காட்டினால் இந்த விலக்கு பொருந்தாது. அப்போது பாடல், இசையமைப்பு உரிமைக்கு ஐ.பி.ஆர்.எஸ்., ஒலிப்பதிவு உரிமைக்கு பி.பி.எல். போன்ற அமைப்புகளிடமோ உரிமையாளரிடமோ அனுமதி வாங்க வேண்டும். நாடகத்தை வீடியோ எடுத்து யூடியூபில் ஏற்றுவதும் வேறு கணக்குதான், அங்கே தானியங்கி முறையில் பாட்டைக் கண்டுபிடித்து ஒலியை நிறுத்திவிடுவார்கள் அல்லது வீடியோவையே தடுத்துவிடுவார்கள்.

பாரதியார் பாடல் என்றால் பயமில்லை என்று பலர் நினைக்கிறார்கள், அது பாதிதான் சரி. அவர் வரிகள் மக்களுக்குப் பொதுவானவை, 1949-இலேயே சென்னை மாகாண அரசு உரிமையை வாங்கிவிட்டது. ஆனால் இன்றைய பாடகர் ஒருவர் பாடிப் பதிவுசெய்த ஒலி அதை வெளியிட்ட நிறுவனத்தின் சொத்து, அதற்கு வெளியானதிலிருந்து 60 ஆண்டு உரிமை உண்டு. உங்கள் தோழி பாடினால் பிரச்சினையே இல்லை. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் கிடைக்கிற இசையும் ஃப்ரீசவுண்ட் தளத்தில் கிடைக்கிற சத்தங்களும் பயன்படும், ஒவ்வொன்றின் உரிமத்தையும் படித்து, பெயர் குறிப்பிடச் சொல்லியிருந்தால் நிகழ்ச்சி அட்டையில் குறிப்பிடுங்கள். இதையெல்லாம்விட நல்ல வழி, விடுதியில் கீபோர்டோ புல்லாங்குழலோ வாசிக்கிற ஒருவரைப் பிடித்து இந்த நாடகத்துக்கென்றே நான்கைந்து துண்டு வாசிக்கச் சொல்வது. இரண்டே மெட்டைத் திருப்பித் திருப்பி வேறு வேகத்தில் வாசித்தாலும், பத்து இடத்திலிருந்து பொறுக்கிய பத்து இசையைவிட நாடகம் ஒன்றாக நிற்கும்.

வெட்டுவது, பெயர் வைப்பது

அடாசிட்டி இலவச மென்பொருள், விண்டோஸ், மேக், லினக்ஸ் எல்லாவற்றிலும் ஓடும், நமக்கு அது போதும். ஒவ்வொரு துண்டிலும் முன்னால் இருக்கிற மௌனத்தை வெட்டிவிடுங்கள். பொத்தானை அமுக்கிய நொடியே ஒலி வர வேண்டும், இல்லையென்றால் "போட்டேனா, போடலையா" என்று கண் திரைக்குப் போய்விடும். முடிவில் மங்கிப் போகிற வேலையை ஃபைலிலேயே செய்து வைக்கத் தோன்றும், காட்சி மாற்றத்துக்கு அது சரி. வசனத்துக்கு அடியில் ஓடுகிற இசைக்கு வேண்டாம். அங்கே இசையைத் தேவையைவிட இரண்டு மூன்று நிமிடம் நீளமாக வைத்துக்கொண்டு, நடிகர் முடிக்கிறபோது கையால் குறைப்பதுதான் பாதுகாப்பு.

எல்லாத் துண்டுகளின் சத்தமும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கட்டும். ஒன்று பழைய பதிவு, ஒன்று புதியது என்றால் ஒன்று முணுமுணுக்கும், அடுத்தது அலறும். அடாசிட்டியில் லவுட்னஸ் நார்மலைசேஷன் என்ற வசதி இதற்குத்தான். சேமிக்கும்போது எம்பி3 வேண்டாம், 44,100 ஹெர்ட்ஸ், 16 பிட் வேவ் ஃபைலாகச் சேமியுங்கள். எம்பி3 ஆக்கும்போது தொடக்கத்தில் மிகச் சிறிய மௌனம் ஒட்டிக்கொள்ளும், சுழன்று சுழன்று ஓட வேண்டிய தம்புரா மாதிரி இசையில் ஒவ்வொரு சுற்றிலும் அது விக்கும். நண்பர்களிடமிருந்து வாட்ஸ்அப்பில் வாங்கினால் டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

இன்னொன்று: நிறைய கல்லூரி அரங்குகளில் இடது வலது ஸ்பீக்கர் இரண்டிலும் ஒரே ஒலிதான் போகும்படி மோனோவாக இணைத்திருப்பார்கள். சில அகலமான ஸ்டீரியோ பதிவுகள் மோனோவில் சேரும்போது சில வாத்தியங்கள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைந்துவிடும். அடாசிட்டியிலேயே மோனோவாக்கி ஒருமுறை கேட்டுவிட்டால் அரங்கில் அதிர்ச்சி இருக்காது.

பெயர் வைக்கும்போது 010, 020, 030 என்று பத்துப் பத்தாக எண் கொடுங்கள். கடைசி வாரத்தில் இயக்குநர் நடுவில் ஒன்று சேர்ப்பார், கட்டாயம் சேர்ப்பார், அப்போது 025 என்று செருகிவிடலாம், மற்ற எண்கள் மாறாது. எண்ணுக்குப் பின்னால் பாட்டின் பெயரைப் போடாதீர்கள், "010 டீக்கடை காலை", "070 கடிதம்" என்று காட்சியின் பெயரைப் போடுங்கள். எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் வைத்து, ஒரு பென் டிரைவிலும் இன்னொருவர் லேப்டாப்பிலும் உங்கள் போனிலும் பிரதி வைத்துவிடுங்கள்.

எதில் போடுவது

மேக் இருந்தால் கியூலேப், அதன் இலவசப் பதிப்பே சாதாரண நாடகத்துக்குத் தாராளம். லினக்ஸில் லினக்ஸ் ஷோ பிளேயர். இவை நாடகத்துக்கென்றே செய்யப்பட்டவை, ஸ்பேஸ் பாரைத் தட்டினால் அடுத்த ஒலி வரும், தானாக எதுவும் ஓடாது. விண்டோஸில் வழக்கமான பிளேயரையே பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் ஒன்றை மறக்காமல் செய்யுங்கள்: ஒரு ஃபைல் முடிந்ததும் தானாக அடுத்ததற்குத் தாவுவதை அணைத்துவிடுங்கள். மரணக் காட்சி முடிந்த மௌனத்தில் அடுத்த காட்சியின் கல்யாண மேளம் கிளம்புவது பெரும்பாலும் இதனால்தான். யூடியூபிலிருந்து நேரடியாகப் போடுவது கூடவே கூடாது, விளம்பரம் வரும், நெட் போகும்.

லேப்டாப்பில் வைஃபையை அணையுங்கள், நோட்டிஃபிகேஷனையும் சிஸ்டம் சத்தங்களையும் அணையுங்கள், ஸ்லீப்பையும் ஸ்கிரீன்சேவரையும் அணையுங்கள், அப்டேட்டைத் தள்ளிவையுங்கள். திரை வெளிச்சத்தைக் குறையுங்கள், இருட்டுக் காட்சியில் விங்கிலிருந்து நீல வெளிச்சம் மேடையில் அடிக்கக் கூடாது.

புளூடூத் ஸ்பீக்கர் வேண்டாம். அமுக்கியதற்கும் கேட்பதற்கும் நடுவில் நொடியில் பத்தில் ஒன்றோ இரண்டோ பங்கு தாமதம் வரும், சில ஸ்பீக்கர்களில் அதற்கு மேலும். தம்புராவுக்குத் தெரியாது, கன்னத்தில் விழுகிற அறைக்குத் தெரியும்.

கேபிள் விஷயத்தில் ஒரு பொறி இருக்கிறது. லேப்டாப்பின் ஹெட்போன் துளை ஸ்டீரியோ, மிக்ஸரின் (எல்லா ஒலிகளையும் சேர்த்து அளவு வைக்கிற பலகை) மைக் உள்ளீடு பேலன்ஸ்டு, அதாவது இரண்டு கம்பிகளுக்கு இடையே உள்ள வித்தியாசத்தை மட்டும் ஒலியாக எடுத்துக்கொள்வது. ஒரு பக்கம் 3.5 மி.மீ. ஸ்டீரியோ ஜாக், மறுபக்கம் ஒரே ஒரு எக்ஸ்எல்ஆர் பிளக் உள்ள கேபிளைப் போட்டால், மிக்ஸர் இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும். இரண்டிலும் பொதுவாக இருக்கிற குரலும் முக்கிய வாத்தியமும் காணாமல் போய், எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருகிற எதிரொலி மட்டும் கேட்கும். எல்லோரும் ஃபைல் கெட்டுவிட்டது என்று நினைப்பார்கள். 3.5 மி.மீ. ஸ்டீரியோவிலிருந்து இரண்டு தடித்த மோனோ ஜாக்காகப் பிரிகிற கேபிளை வாங்கி மிக்ஸரின் ஸ்டீரியோ லைன் உள்ளீட்டில் மாட்டுங்கள். சார்ஜர் மாட்டியதும் "ம்ம்ம்" என்று ஓர் இரைச்சல் வந்தால் அது மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் சுற்று, சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள், நின்றுவிட்டால் நாடகம் முழுக்க பேட்டரியில் ஓட்டலாம். பேட்டரி தாங்காது என்றால் சவுண்டு செட்காரரிடம் டிஐ பாக்ஸ் (லேப்டாப்புக்கும் மிக்ஸருக்கும் நடுவில் மாட்டுகிற சின்னப் பெட்டி) கேளுங்கள், அதில் கிரவுண்டு லிஃப்ட் என்று ஒரு சுவிட்ச் இருக்கும். லேப்டாப் மாட்டியிருக்கிற சேனலுக்கு 48 வோல்ட் ஃபேன்டம் பவர் (சில மைக்குகளுக்காக மிக்ஸர் அனுப்புகிற மின்சாரம்) போகவில்லை என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சவுண்டு செட் அண்ணனைப் பற்றி ஒரு வார்த்தை. அந்த அரங்கு அவருக்கு உள்ளங்கை மாதிரி தெரியும், எந்த மைக் இரையும், எந்தத் துளை வேலை செய்யாது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். காலையிலேயே போய் அறிமுகம் செய்துகொண்டு, "அண்ணா, மொத்தம் பன்னிரண்டு இடத்துல மியூசிக் வருது, நான்தான் போடுறேன், நீங்க மொத்தச் சத்தத்துக்கான மாஸ்டரை மட்டும் பார்த்துக்கோங்க" என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். யார் எந்த ஃபேடரை (மிக்ஸரில் சத்தத்தை ஏற்றி இறக்குகிற நகர்த்தும் பிடி) தொடுவது என்பது பேசி முடிவாகாவிட்டால் நீங்கள் குறைக்கும்போது அவர் ஏற்றுவார்.

க்யூ ஷீட்

ஒவ்வோர் ஒலியும் தொடங்குகிற அல்லது நிற்கிற தருணம்தான் க்யூ. ஒரு தாளில் க்யூவுக்கு ஒரு வரி என்று எழுதுங்கள். இப்படி இருக்கலாம்:

க்யூ 7, பக்கம் 11. தயார்: "கடிதத்தை எங்கே வெச்சே?" போடு: அம்மா நாற்காலியில் உட்கார்ந்ததும். ஃபைல்: 070 கடிதம். அளவு: பாதி. முடிவு: அம்மா எழுந்ததும் ஐந்து நொடியில் மங்கல்.

இதில் "தயார்" வரி புதியவர்கள் விட்டுவிடுவது. அரைப்பக்கம் முன்னாலேயே வருகிற ஒரு வசனம் அது. அதைக் கேட்டதும் சரியான ஃபைல் தேர்வாகியிருக்கிறதா, ஃபேடர் சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, விரலைப் பொத்தான் மேல் வைத்துவிட்டுத் தலையை நிமிர்த்திவிட வேண்டும். அதற்கப்புறம் திரையைப் பார்க்கவே தேவையில்லை. "போடு" என்பது முடிந்தவரை ஒரு செயலாக இருக்கட்டும். வசனத்தை நடிகர் மறப்பார், மாற்றிச் சொல்வார், ஆனால் நாற்காலியில் உட்காராமல் போவது அரிது. சொல்லே க்யூவாக இருந்தால் வரியின் கடைசிச் சொல்லைக் குறியுங்கள்.

விளக்கு போடுகிறவரும் நீங்களும் ஒரே ஷீட்டை வைத்துக்கொள்வது நல்லது. விளக்கு அணைந்த பிறகு இசை இரண்டு நொடி நீடிப்பதா, இரண்டும் ஒன்றாக வெட்டுவதா என்பதில் காட்சியின் முடிவே மாறிவிடும், அதை இரண்டு பேரும் இயக்குநரோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள்.

ஒத்திகை

இசையைக் கடைசி நாள் கொண்டுவராதீர்கள். முடிந்தால் இரண்டு வாரம் முன்னாலேயே, வகுப்பறை ஒத்திகையில் ஒரு சின்ன ஸ்பீக்கரில் போட ஆரம்பித்துவிடுங்கள். நடிகர்கள் அதைக் கேட்டு நடையை மாற்றிக்கொள்வார்கள், நீங்கள் அவர்களைப் பார்த்து இசையை மாற்றிக்கொள்வீர்கள், அந்தக் கொடுக்கல் வாங்கல்தான் நாடகத்தில் தெரியப் போகிறது. எந்த நடிகை முக்கியமான வரிக்கு முன்னால் மூச்சை இழுத்துக்கொள்கிறாள், எந்தப் பையன் பதற்றத்தில் வேகமாகப் பேசுவான் என்பதெல்லாம் ஷீட்டில் எழுத முடியாது, கூடவே இருந்தால்தான் தெரியும்.

அரங்கு கிடைக்கிற அன்று முழு நாடகத்தை ஓட்டுவதற்கு முன்னால் க்யூவிலிருந்து க்யூவுக்குத் தாவி ஓர் ஒத்திகை பாருங்கள். நடிகர்கள் இரண்டு வரி முன்னாலிருந்து தொடங்குவார்கள், நீங்கள் போடுவீர்கள், சரியானதும் அடுத்ததற்குப் போகலாம். அவர்களுக்கு அலுப்பாகத்தான் இருக்கும், முன்னாலேயே சொல்லி வையுங்கள்.

சத்த அளவை நீங்கள் உட்கார்ந்திருக்கிற இடத்திலிருந்து முடிவு செய்யவே கூடாது. விங்கில் நீங்கள் ஸ்பீக்கருக்குப் பின்னால் இருக்கிறீர்கள், அங்கே தாழ்ந்த ஓசை திம்மென்று கேட்கும், மேல் ஓசைகள் வராது. நண்பர் ஒருவரைக் கடைசி வரிசையில் உட்காரவைத்து, நடிகர் பேசும்போது ஒவ்வொரு சொல்லும் கேட்கிறதா என்று கையைக் காட்டச் சொல்லுங்கள். கிடைத்த அளவை ஃபேடர் பக்கத்தில் ஒட்டிய டேப்பில் பேனாவால் குறித்துவிடுங்கள். மின்விசிறிகளை ஓடவிட்டே இதைச் செய்ய வேண்டும், சித்திரை வெயிலில் நாடகம் என்றால் நாற்பது விசிறியும் ஓடும், காலி அரங்கில் அழகாகக் கேட்ட மெல்லிய வீணை அதில் காணாமல் போய்விடும். ஆள் நிறைந்தால் உடம்புகளும் துணிகளும் ஒலியை, முக்கியமாக மேல் ஓசைகளை, உறிஞ்சிக்கொள்ளும், அதனால் அன்று கொஞ்சம் ஏற்ற வேண்டிவரும்.

எங்கே உட்கார்வது என்பதையும் அன்றே முடிவு செய்யுங்கள். மேடை தெரிய வேண்டும், நடிகர்கள் ஓடி வந்து வெளியேறுகிற பக்கமாக இருக்கக் கூடாது. கட்டடம் அப்படி விடவில்லை என்றால் மேடைத் திரை ஓரத்தில் ஒருவரை நிற்கவைத்து, அவர் உங்கள் தோளைத் தட்டட்டும். வாயால் சொல்வதைவிட அது சரியாக வேலை செய்யும். ஷீட்டைப் படிக்க ஒரு டார்ச்சில் நீலக் கண்ணாடித் தாள் சுற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

மேடையேறும் நாள்

கேபிள் எல்லாம் மாட்டிய பிறகு ஆம்ப்ளிஃபயரைக் கடைசியாகப் போடுங்கள், முடிந்ததும் முதலில் அணையுங்கள், இல்லையென்றால் "டொம்" என்று ஸ்பீக்கர் உதைக்கும். முதல் ஃபைலை ஒருமுறை ஒலிக்கவிட்டுப் பாருங்கள், போனை ஏரோப்பிளேன் மோடில் போடுங்கள்.

நாடகம் தொடங்கியதும் அவசரப்படாதீர்கள். தயார் வரி, விரல், பார்வை, போடு. வசனத்துக்கு அடியில் வரவேண்டிய இசையைச் சைபரிலிருந்து மெல்ல ஏற்றுங்கள், எப்போது வந்தது என்றே யாருக்கும் தெரியாமல் வர வேண்டும். கைதட்டலோ சிரிப்போ எழுந்தால் அது அடங்கத் தொடங்கும்வரை நிறுத்திவையுங்கள், நடிகரும் அதற்குத்தான் காத்திருப்பார்.

நடிகர் இரண்டு பக்கம் தாவிவிட்டால், நடக்கும், விட்டுப்போன க்யூக்களை விட்டுவிடுங்கள். அவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று ஸ்கிரிப்டில் பிடித்து அடுத்த தயார் வரிக்குப் போய்விடுங்கள். தவறான இசை கிளம்பிவிட்டால் சட்டென்று வெட்டாதீர்கள், வெட்டினால்தான் எல்லோரும் கவனிப்பார்கள். இரண்டு நொடியில் மங்கவிட்டு, மௌனத்தை அப்படியே விடுங்கள், சரியான இசையைத் தேடி அந்த இடத்தில் திணிக்க வேண்டாம். மின்சாரம் போனால் முதல் வேலை உங்கள் ஃபேடரைக் கீழே இறக்குவது. ஜெனரேட்டர் வந்து ஆம்ப்ளிஃபயர் உயிர் பெறும்போது, பேட்டரியில் ஓடிக்கொண்டிருக்கிற உங்கள் லேப்டாப்பின் இசை முழுச் சத்தத்தில் பாய்ந்துவிடும். நடிகர்கள் இருட்டில் பேசிக்கொண்டே இருந்தால் அவர்களை அப்படியே போகவிடுங்கள், இசை அடுத்த காட்சியில் சேர்ந்துகொள்ளலாம்.

கல்ச்சுரல்ஸ் போட்டிக்கு வேறு கல்லூரி போகிறீர்கள் என்றால் இத்தனை நேரம் கிடைக்காது. முந்தைய குழு இறங்கி நீங்கள் ஏறுவதற்குள் சில நிமிடம்தான் இருக்கும். அதனால் உங்கள் கேபிளை நீங்களே கொண்டுபோங்கள், நீளமாகவே கொண்டுபோங்கள், ஒரே ஒரு துண்டை ஒலிக்கவிட்டு அளவு பார்த்தால் போதும், நாடகத்திலேயே அதிகச் சத்தம் வருகிற துண்டாக அது இருக்கட்டும். க்யூக்களின் எண்ணிக்கையையும் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம். பென் டிரைவைக் கொடுத்து அவர்களையே போடச் சொல்வது கடைசி வழி, ஏனென்றால் அவர்கள் உங்கள் நடிகர்களை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. வேறு வழியில்லை என்றால் க்யூ ஷீட்டோடு அவர் பக்கத்தில் நின்று, ஒவ்வொரு க்யூவுக்கும் நீங்கள் கையைக் காட்டுங்கள்.

முடிந்ததும் கைதட்டலில் கரைந்துவிடாமல், வணங்கி நிற்கிற நடிகர்களுக்கு வெளியேறும் இசையைப் போடுங்கள், அதையும் க்யூவாக முன்னாலேயே எழுதி வைத்திருக்க வேண்டும். அப்புறம் ஃபோல்டரையும் பென்சில் குறிப்புள்ள ஸ்கிரிப்டையும் ஒன்றாக வைத்து, அடுத்த வருடம் மியூசிக் பார்க்கப்போகிற ஜூனியரிடம் கொடுத்துவிடுங்கள். அவரை இந்த வருடமே உங்கள் பக்கத்தில் உட்காரவைத்திருந்தால் இன்னும் நல்லது.